புதுச்சேரிக்குப் போன கூடை

பன்னீர்த் திராட்சையும் கொடைக்கானல் சீஸும் ஒரே கூடைக்குள் பேருந்து வெக்கையில் புழுங்கினால் எழும் புளித்த வாசம் இன்னும் என் மூக்கில் நிற்கிறது. ஊர் மாறிப் போன ஒருவருக்குக் கூடை கட்டும்போது, அவர் போய்ச் சேர்ந்த ஊரை அதில் வைப்பதா, விட்டுப் போன ஊரை வைப்பதா? அன்று எழுந்த அந்தக் கேள்விக்கு எனக்கு இன்றுவரை விடை தெரியவில்லை.

நான் இரண்டாம் வகுப்பு படித்தபோது, அப்பாவின் தங்கையான என் அத்தையைத் திண்டுக்கல்லிலிருந்து புதுச்சேரிக்குக் கட்டிக்கொடுத்திருந்தோம். அத்தையின் மாமனார் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். அவரைப் போன்றவர்களை அந்த ஊரில் 'சொல்தா' என்பார்கள். அத்தைக்கு ஐந்தாம் மாதம் வந்ததும் பிறந்த வீட்டிலிருந்து 'கட்டுச்சோறு' கொண்டுபோக வேண்டும். தன்னை இன்னும் நினைக்கிறார்கள் என்று பெண் தெரிந்துகொள்ளும் நாள் அது. அப்பாவுக்கோ கூச்சம். "மேசையில முள்கரண்டி வச்சுச் சாப்புடுற வீடு. புளிச்சோத்தத் தூக்கிட்டுப் போனா சிரிக்க மாட்டாகளா?" என்று அம்மாவின் வாயை அடைத்துவிட்டார்.

கொடைரோட்டில் திராட்சை, மலையிலிருந்து சீஸ், பேக்கரியில் சொல்லிச் செய்த நீள ரொட்டி, கிறிஸ்துமஸுக்காக எதிர்வீட்டு டீச்சர் வீட்டிலேயே ஊறப்போட்ட வைன் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தார். வைன் பாட்டிலை மட்டும், பேருந்தில் யார் கண்ணிலும் படாமல் இருக்க, செய்தித்தாளில் நாலு சுற்றுச் சுற்றினார். சீர் ஒற்றைப்படையில் இருக்க வேண்டும் என்பதை அப்பாவும் விடவில்லை. ஒரு பொருள் குறைந்ததால் கடைசி நிமிடத்தில் சென்ட் பாட்டில் ஒன்றும் ஏறியது. எல்லாவற்றின் மேலும் சின்னாளப்பட்டிச் சுங்குடித் துணியைப் போர்த்திக் கட்டினார்.

நாங்கள் மூவரும் புதுச்சேரி போய்ச் சேர்ந்ததும், அத்தையின் மாமியார் துணியை விலக்கிப் பார்த்து, "எங்க வீட்டு அலமாரியில இருக்கறதையே கொண்டாந்திருக்கீங்களே, சம்பந்தி" என்றார். ஏளனமில்லை, உண்மையான ஆச்சரியம்தான். அத்தை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார். கூடையின் அடிவரை கையை விட்டுத் தேடிவிட்டு நிமிர்ந்தார்.

"கட்டுச்சோறு எங்கண்ணே?"

அத்தையின் கண் என் மடியிலிருந்த டிபன் டப்பாவில் விழுந்தது. வழியில் பசிக்குமே என்று அம்மா எனக்குக் கட்டிய புளிச்சோறு. பாதியை நான் தின்றிருந்தேன். "பிள்ள கை வச்சது, வேண்டாம் தாயி" என்று அம்மா தடுக்க, "குடுங்க மதினி" என்று வாங்கித் தரையில் உட்கார்ந்து தின்றார் அத்தை. "எனக்கும் ஒரு பிடி வைம்மா" என்று மாமியாரும் கையை நீட்டினார். கடலைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அப்பா வெளியே போய்விட்டார்.

பிறகு மாமாவோடு பிரான்சுக்குப் போய்ப் பல வருடங்கள் அங்கேயே இருந்த அத்தை, அவர் காலமானதால், அடுத்த வாரம் திண்டுக்கல்லுக்கே திரும்பி வருகிறார், எங்கள் தெருவில் ஒரு வாடகை வீட்டுக்கு. அப்பாவும் இப்போது உயிரோடு இல்லை. அவர் திராட்சை வாங்கிய தோட்டம் மனைகளாகிவிட்டது. கூடை கட்டும் பொறுப்பு என்னுடையது.

"அவ நம்ம வீட்டுப் பொண்ணு. புளிச்சோறு கிளறி வச்சிரு, போதும்" என்கிறார் அம்மா. ஆனால் அத்தையோ தொலைபேசியில், வெண்ணெய் தடவிய ரொட்டி இல்லாமல் தனக்கு விடிவதில்லை என்றும், மாமாவின் படத்துக்கு முன்னால் சின்னக் கிண்ணத்தில் வைன் வைத்துவிட்டுத்தான் இரவுச் சாப்பாட்டுக்கு உட்காருவதாகவும் சொல்லியிருக்கிறார். கூடையில் வைன் பாட்டிலை வைத்தால் அம்மா வருந்துவார், தெரு பேசும். வைக்காவிட்டால், அத்தை மறுபடியும் அடிவரை கையை விட்டுத் தேடுவாரோ? வைப்பதும் எடுப்பதுமாக இருக்கிறேன். இதற்கிடையில் என் நாலு வயது மகள் கூடைக்கென வாங்கிய பிஸ்கட் பெட்டியைப் பிரித்துத் தின்று ஒற்றைப்படைக் கணக்கையும் கெடுத்துவிட்டாள்.

கூடையின் அடியில் கொஞ்சம் இடம் விட்டு வைத்திருக்கிறேன். நெடுங்காலம் வெளிநாட்டில் இருந்து திரும்பியவர்கள் உங்களில் யாராவது இருந்தால், வந்த முதல் நாள் உங்கள் கை எதைத் தேடியது என்று தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.