முத்தாயி ஓட்டை போட்ட தோம்பு

மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஆனாலும் மலாக்கா தஞ்சோங் கிளிங்கில் பழைய பிளாஸ்டிக் பீப்பாய்களை, எங்கள் பேச்சில் தோம்புகளை, வாங்கி விற்கும் வியாபாரம் என்றால் வடிவேலு பெயரைத்தான் சொல்வார்கள். சைக்கிளில் ஆரம்பித்து லாரி வாங்கியவன். யார் தயவும் கிடையாது. அப்படிப்பட்ட நானே எழுந்து நின்று மரியாதை செய்யும் ஆள் ஒருத்தி உண்டென்றால், அது என் பட்டறையில் தோம்பு கழுவிய முத்தாயிதான்.

நியாலாஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவள். மகள் தேவமலரைத் தோட்டத்திலேயே கட்டிக்கொடுத்துவிட்டு என்னிடம் வேலைக்கு வந்து தங்கினாள். தொழிற்சாலைக்கு ரசாயன மருந்து வந்த நீலத் தோம்புகளைச் சவுக்காரம் போட்டுத் தேய்ப்பாள். பிறகு தண்ணீர் நிரப்பி, லோங்காங் சாக்கடையில் பிடித்த குட்டி மீனை அதில் விடுவாள். காலையில் மீன் நீந்தினால் தோம்பு வீடுகளுக்குப் போகும். செத்துக் கிடந்தால் சிமெண்டு கலக்குகிறவனுக்கு. எங்கள் பக்கத்தில் எல்லோரும் நம்பிய சோதனை இது.

தொண்ணூற்றொன்றில் அணை வற்றியது. மலாக்கா முழுக்கத் தோம்புக்கு அடிதடி. அந்த நேரம் பார்த்து, நான் தோம்பு எடுக்கும் மின்னணுத் தொழிற்சாலையில் புது உத்தரவு போட்டார்கள். அவர்கள் சரக்கை வாங்கும் வெளிநாட்டுக்காரன், மண்ணும் தண்ணீரும் கெடக்கூடாது, மருந்துத் தோம்பு ஒன்றுகூட ஜனங்களிடம் போகக்கூடாது, ஓட்டை போட்டு உருக்க அனுப்பு என்றானாம். மற்ற வியாபாரிகள் சிரித்தார்கள். நான் ஒத்துக்கொண்டேன். காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தவன் நான்.

சுத்தியலைக் கொடுத்ததும் முத்தாயி குமுறினாள்.

"அண்ணே, எம்மவ மாசமா இருக்கா. தோட்டத்துல தண்ணி லாரி எப்பவாவதுதான் வருது. புடிச்சு வைக்க ஒரு தோம்பு இல்ல. இத ஒடைக்கச் சொல்றீங்களே, வயிறு எரியுதுலா!"

"கடையில வாங்கிக் குடு முத்தாயி."

"கடையில ஏதுண்ணே? அதான் நீங்களே எல்லாத்தையும் வித்துத் தின்னுட்டீங்களே!"

எனக்குத் தெரியாமல் ஒரு தோம்பை ஒதுக்கி, மூச்சுப் பிடித்துத் தேய்த்திருக்கிறாள். மீன் நீந்தியது. நியாலாஸுக்குச் சரக்கு கொண்டுபோகும் மஜீது பாய் வேனில் மகளுக்கு அனுப்பிவிட்டாள்.

தேவமலருக்குப் பிள்ளை செத்தே பிறந்தது. அந்தத் தண்ணீர்தான் காரணம் என்று டாக்டர் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

மகளைப் பார்க்கப் போன முத்தாயி அதே வேனில் அந்தத் தோம்போடு வந்து இறங்கினாள். நடந்ததைச் சொன்னாள். பிறகு என் கண்முன்னால் தண்ணீர் நிரப்பி மீனை விட்டாள். விடிந்து வந்து பார்த்தோம். அது வாலை ஆட்டிக்கொண்டு திரிந்தது.

"இதப் போயி நம்பிட்டேண்ணே."

கம்பியை வைத்து ஓங்கி அடித்தாள். தண்ணீர் மணலில் ஓடியது. மீன் அதில் கிடந்து துடித்தது. அவள் எடுத்து விடவில்லை.

"ஓட்டைய பேக்டரியிலயே போட்டு அனுப்பச் சொல்லுங்கண்ணே. முழுசா வெளிய வந்தா என்னைய மாதிரி ஒருத்தி எடுப்பா."

"அப்புறம் உனக்கு இங்க வேலை இருக்காதே?"

"இருக்க வேணாம்."

மேனேஜரிடம் நானே போய்ப் பேசி நடத்திக் காட்டினேன். என்னைத் தவிர வேறு எவனாலும் அது முடிந்திருக்காது. அடுத்த ஆண்டு வெளிநாட்டுக்காரன் வந்து என் கையைக் குலுக்கினான். யோசனை முத்தாயியுடையது என்றேன். யார் அது என்று அவன் கேட்கவில்லை. அவள் அதற்கு முன்பே நியாலாஸுக்குப் பஸ் ஏறியிருந்தாள்.