மாமா தேர்ந்தெடுத்த சஸ்பென்ஷன்

என் காரின் முன்பக்க ஷாக் அப்சர்பர்கள் இரண்டிலும் எண்ணெய் கசிகிறது என்று தட்டாஞ்சாவடி மெக்கானிக் சொன்னபோது, கவலைப்படுவதற்குப் பதில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மாமாவிடம் பேச ஒரு பெரிய விஷயம் கிடைத்துவிட்டது.

மாமா என் அக்காவின் கணவர். முத்தியால்பேட்டையில் எங்களுக்கு அடுத்த தெருக்காரர். அவர் குடும்பத்துக்கு பிரெஞ்சுக் குடியுரிமை இருந்ததால் பள்ளிப்படிப்பு முடிந்ததுமே பிரான்சுக்குப் போய் ராணுவத்தில் சேர்ந்துவிட்டார். அப்படிப் போனவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். ராணுவ லாரிகளையும் ஜீப்புகளையும் பழுதுபார்க்கும் பிரிவில் வேலை. பென்ஷன் வந்த பிறகும் அக்காவோடு அங்கேயே தங்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மதியம், அங்கே காலை காபி நேரத்தில், வீடியோ காலில் வருவார். குடும்ப விசாரிப்பெல்லாம் சீக்கிரம் முடிந்துவிடும். மிச்ச நேரம் முழுக்க கார்தான்.

என்னுடையது இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார். சென்னையில் ஒருவரிடம் செகண்ட் ஹேண்டாக வாங்கினேன். அதை மூடிவைத்து அழகு பார்க்க எனக்கு வசதியும் இல்லை, மனசும் இல்லை. தினமும் காலையில் மனைவியை லாஸ்பேட்டையில் அவள் பாடம் எடுக்கும் பள்ளியில் இறக்கிவிட்டு, தட்டாஞ்சாவடியில் மருந்து அட்டைப்பெட்டிகள் அச்சடிக்கும் என் சின்ன யூனிட்டுக்குப் போவேன். வீட்டைவிட்டுக் கிளம்பினால் தெருமுனைப் பள்ளிக்கூடத்தில் ஒன்று, ரேஷன் கடை முன்னால் ஒன்று என்று வரிசையாக வேகத்தடைகள். பாதிக்கு மேற்பட்டவற்றில் வெள்ளைக்கோடு இருக்காது. பைப் போடத் தோண்டி மூடிய இடங்கள் வேறு.

எனக்கு மூன்று வழிகள் இருந்தன. கம்பெனி கொடுத்த மாதிரியே புது ஷாக் போட்டுக்கொள்வது ஒன்று. உயரத்தைக் குறைக்காமல், வளைவில் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்து நிற்கும் வேறு நல்ல ஷாக் போடுவது இன்னொன்று. மூன்றாவது காயிலோவர். ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தொகுப்பாக வரும். காரின் உயரத்தையும் ஷாக்கின் இறுக்கத்தையும் நாமே திருகி வைத்துக்கொள்ளலாம். ரேஸ் ஓட்டுபவர்கள் விரும்பிப் போடுவது.

நான் இரண்டாவதைத்தான் நினைத்திருந்தேன். மாமா அதைக் காதில் வாங்கவே இல்லை. வாரா வாரம் ஏதாவது ஒரு காயிலோவரின் படத்தை அனுப்பிவிட்டு, ஸ்பிரிங்கின் கனம், உள்ளே இருக்கும் வால்வு என்று ஆரம்பித்துவிடுவார். ஒருநாள் காகிதத்தில் படம் வரைந்து கேமராவுக்கு முன்னால் பிடித்தார். டிசம்பரில் வருவதாகவும், வந்ததும் இரண்டு பேருமாக இதே காரில் சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் ரேஸ் ட்ராக்குக்குப் போவதாகவும் பேசி முடித்துவிட்டார்.

"தெனம் ஓட்டறதுக்குக் கஷ்டமா இருக்காதா மாமா?" என்று கேட்டேன்.

"லூஸ் பண்ணி வெச்சிக்கோ. ட்ராக்குக்குப் போவும்போது டைட் பண்ணிக்கலாம். அதுக்குத்தான அந்தத் திருகு இருக்குது."

திருகி எவ்வளவு தளர்த்தினாலும் ஸ்பிரிங்கின் விறைப்பு மாறாது. அது எனக்குத் தெரியும். என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்த என் மனைவி, போன் வைத்த பிறகு, "தெனம் அந்த வண்டில போறது நாம ரெண்டு பேரு. அவரு எங்கயோ இருக்காரு" என்றாள். ஆனாலும் அடுத்த வாரமே காயிலோவருக்கு ஆர்டர் போட்டுவிட்டேன்.

மாட்டிய அன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டு தாண்டி ஓட்டிப் பார்த்தேன். ஸ்டீயரிங்கைத் திருப்ப நினைத்தாலே கார் திரும்பியது. மாமாவுக்கு அங்கிருந்தே போன் செய்தேன். ஒவ்வொரு வளைவையும் கேட்டுக் கேட்டுச் சொல்ல வைத்தார்.

திங்கட்கிழமை முத்தியால்பேட்டைத் தெருக்களில் கதை வேறாக இருந்தது. உயரத்தை முழுக்க ஏற்றி வைத்தும் வேகத்தடையில் அடிப்பக்கம் உரசியது. சின்னப் பள்ளம்கூட நேராக இடுப்பில் வந்து இடித்தது. மனைவி ஒரு கையால் டிபன் பையையும் மறுகையால் கதவையும் பிடித்துக்கொண்டு வந்தாள். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு ஒரு காலையில், சண்டையெல்லாம் போடாமல், ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நாங்கள் இரண்டு பேரும் நிம்மதியாகப் பேசிக்கொண்டது அந்தக் காலைப் பயணத்தில்தான் என்பது பக்கத்து சீட் காலியான பிறகுதான் உறைத்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாமா கேட்டபோதெல்லாம், பிரமாதமாக இருக்கிறது என்றேன். அவர் முகம் மலர்வதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது.

டிசம்பரில் சொன்னபடி வந்தார். வீட்டு வாசலில் டாக்சியிலிருந்து அக்கா முதலில் இறங்கி, சுற்றி வந்து அவர் பக்கத்துக் கதவைத் திறந்து கை கொடுத்தாள். அவர் இறங்க நேரம் ஆனது. சட்டைக்கு மேலேயே தெரியும்படி இடுப்பில் அகலமான பெல்ட். வீடியோவில் அவரை எப்போதும் உட்கார்ந்தபடியேதான் பார்த்திருக்கிறேன் என்று அப்போதுதான் தோன்றியது. பயணக் களைப்பு, பிடிப்பு என்று ஏதோ சொல்லிச் சமாளித்தார். அக்கா எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் என் காரைச் சுற்றி வந்தார். குனிய முடியாமல், செல்போனைக் கீழே நீட்டிப் படம் எடுத்துச் சக்கரத்துக்குள் பார்த்தார். "ஒரு ரவுண்டு போலாம் மாப்ள" என்றார். நான் தயங்கினேன். அவர் கதவைப் பிடித்துக்கொண்டு, முதலில் உட்கார்ந்து, பிறகு ஒவ்வொரு காலாகக் கையால் தூக்கி உள்ளே வைத்தார்.

முடிந்தவரை மெதுவாகத்தான் ஓட்டினேன். பள்ளிக்கூடத்து வேகத்தடையில் சாய்வாக ஏற்றி இறக்கினேன். அவர் டேஷ்போர்டை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். நெற்றி வேர்த்திருந்தது. ஒரு மூடிய கடை ஓரமாக நிறுத்தினேன்.

"எப்பலேர்ந்து மாமா?"

"போன வருஷம் ஈஸ்டருக்கு முன்னால. ஆபரேஷன் பண்ணாங்க. முதுவுல ஸ்க்ரூ வெச்சிருக்காங்க."

நாங்கள் ஸ்பிரிங்கைப் பற்றிப் பேச ஆரம்பித்ததற்கும் முன்பு. அவ்வளவு மாதங்களும் இதை மறைத்துக்கொண்டுதான் பேசியிருக்கிறார். அக்காவையும் சொல்லவிடவில்லை.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

அவர் கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்தபடி சொன்னார். "சொல்லியிருந்தா நீயும் முதுவு எப்படி இருக்குதுன்னுதான் கேட்டிருப்ப. அங்க எல்லாரும் அதத்தான் கேக்கறாங்க. நீ ஒருத்தன்தான் எங்கிட்ட வண்டியப் பத்திப் பேசன."

ஏசியைக் கூட்டி அவர் பக்கம் திருப்பினேன். அவர், வண்டி உனக்கு உண்மையாகவே பிடித்திருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். மனைவி இதில் ஏறுவதை விட்டுவிட்டதையும் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

"மாத்திடு மாப்ள. சாஃப்டா ஒண்ணு போட்டுக்கோ. அந்தப் பொண்ண முதல்ல வண்டில ஏத்து."

வேகத்தடை இல்லாத வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். ட்ராக்குக்கு வேறு பெரிய வண்டியில் போய் வேடிக்கையாவது பார்த்துவிட்டு வரலாம் என்று கூப்பிட்டேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பிரான்சுக்குத் திரும்பும்வரை காரைப் பற்றிப் பேசவே இல்லை.

அவர் போன பிறகு, நான் முதலில் நினைத்திருந்த ஷாக்கையே வாங்கிப் போட்டேன். யாரிடமும் கேட்கவில்லை, ஒரே காலையில் முடிவாகிவிட்டது. கார் தன் பழைய உயரத்துக்கு வந்தது. மனைவி மறுபடியும் என்னோடு வருகிறாள், பள்ளம் தெரியாத மழைக்காலத்திலும். அந்தக் காலைப் பேச்சு திரும்பக் கிடைத்ததில் எனக்கு நிம்மதிதான்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமைகள் சுருங்கிப்போயின. புது ஷாக்கின் வீடியோவை அனுப்பியபோது, நன்றாக இருக்கிறது என்று மட்டும் எழுதினார். டயர் மாற்ற வேண்டும், எதைப் போடலாம் என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். "உனக்கு எது சரியோ அதப் போடு" என்றார். நான் அவரைப் பேச வைக்கத்தான் கேட்கிறேன் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. அப்புறம் இரண்டு பேருமே அந்தப் பக்கம் போகவில்லை. என் வாயிலும் முதுகு எப்படி இருக்கிறது என்ற கேள்விதான் முதலில் வருகிறது, பரவாயில்லை என்பார், அக்கா போனை வாங்கிக்கொள்வாள்.

அந்தக் காயிலோவரை வாங்கியது தவறுதான். அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த மாதங்களைத் தவறு என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. வாங்காமலே இன்னும் கொஞ்ச நாள் அவரோடு வாதாடிக்கொண்டிருந்திருக்கலாம். எனக்குத்தான் அவசரம்.