அக்கா போகாத ஊர்

கழுத்து வரை ஜிப் வைத்த கருநீல ஸ்வெட்டர் அது. சித்திரை வெயில் மண்டையைப் பிளந்த ஒரு மதியத்தில், கருங்குழியில் எங்கள் வீட்டுக் கூடத்தில், அக்கா அதை மாட்டிக்கொண்டு ஃபேனுக்கு நேர்கீழே நின்றாள். வேர்வை நெற்றியில் வழிந்து மூக்கு நுனியில் சொட்டியது. “கயட்டுடி, மயக்கம் போட்டு வுழுந்துடப் போற” என்று அம்மா கத்தினாள். “அங்க ஐஸா கொட்டுமாம்மா, இப்பவே பழகிக்க வேணாமா?” என்று சிரித்தாள் அக்கா. அப்படி ஒரு சிரிப்பை அவளிடம் பிறகு நான் பார்க்கவில்லை. ஸ்வெட்டரை ஊட்டிக்குச் சுற்றுலா போன மாமா மகள் வாங்கிக்கொண்டு போனாள். அவள் திருப்பித் தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அக்கா படித்தது, சென்னைக்குப் போகும் ஜி.எஸ்.டி. சாலையோரத்துத் தனியார் கல்லூரி ஒன்றில். ஒரு வெளிநாட்டுக் கல்லூரியோடு அவர்களுக்கு ஏற்பாடு இருந்தது. முதலில் அந்த ஊர் மாணவர்கள் இங்கே வந்து சுற்றிப் பார்ப்பார்கள், ஏதாவது கிராமத்தில் தொண்டு செய்வார்கள், நம் வீடுகளில் தங்குவார்கள். பிறகு நம் மாணவர்கள் அங்கே போவார்கள். அதற்குப் பரிமாற்றம் என்று பெயர் வைத்திருந்தார்கள். நன்றாகப் படிக்கிற பெண், கூச்சப்படாமல் ஆங்கிலம் பேசுகிற பெண் என்று அக்காவைத் தேர்ந்தெடுத்தார்கள். லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்த அப்பா, சரக்கு இறக்கப் போன இடத்திலெல்லாம் நின்று அதைச் சொல்லிவிட்டு வந்தார்.

வந்தவர்களை மாமல்லபுரத்துக்கு அழைத்துப் போன அன்று, தங்க வைக்கும் குடும்பத்தாரையும் கூப்பிட்டிருந்ததால் நானும் போனேன். பாறைச் சிற்பத்தின் யானைகளுக்கு முன்னால் அவர்கள் விதவிதமாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அக்கா குடை பிடித்தாள், தண்ணீர் பாட்டில்களைச் சுமந்தாள், முன்னங்கால்களைத் தூக்கி நின்று தவம் செய்யும் பூனையைக் காட்டி அதன் கதையைச் சொன்னாள். அடுத்த சில நாட்கள் சதுரங்கப்பட்டினத்தில் தொண்டு. பள்ளிக்கூடத்துச் சுவரில் கண்ணிமை வைத்த மீன்களை வரைந்தார்கள். மீனவர் வீட்டுப் பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பிறகு கடற்கரையைச் சுத்தம் செய்கிறோம் என்று கையுறை மாட்டிக்கொண்டு, கரையில் குவித்து வைத்திருந்த நல்ல வலையையும் குப்பைப் பையில் திணித்துவிட்டார்கள். வலைக்குச் சொந்தக்காரர் ஓடி வந்தார்.

“இன்னாம்மா இது? எங்க பொயப்பையே அள்ளி மூட்டை கட்டிக்கினு கீறாங்க!”

“தெரியாம பண்ணிட்டாங்க அண்ணாத்த, கோச்சிக்காத” என்று சொல்லி, பையைக் கவிழ்த்து, மணலில் உட்கார்ந்து சிக்கெடுத்தது அக்காதான். விருந்தாளிகள் அதையும் படம் எடுத்தார்கள்.

எங்கள் வீட்டில் தங்கியது ஒரு பெண். நல்ல பெண்தான், பொய் சொல்லக் கூடாது. அம்மா வைத்த வஞ்சிர மீன் குழம்பை, காரத்தில் கண்ணீர் வழிய வழியக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். நடுவில் வயிற்றுப்போக்கு வந்து சுருண்டு போனபோது, செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏறி முடியும் வரை அக்கா அவள் கையைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். ஊருக்குக் கிளம்பும்போது அந்தப் பெண் அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அங்கே வரும்போது தன் அறையை அக்காவுக்கு விட்டுத் தருவதாகவும், ஜன்னலைத் திறந்தால் ஏரி தெரியும் என்றும் சொன்னாள். அந்த ஏரியைப் பற்றி அக்கா எங்களிடம் எத்தனை முறை பேசியிருப்பாள்!

விசா கிடைக்கவில்லை. கல்லூரியிலிருந்து விசா கேட்டுப் போனவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் கிடைத்தது. அவர்களுடைய அப்பாக்கள் டாக்டர்கள், கம்பெனி வைத்திருப்பவர்கள். விசா நேர்காணலில் அக்காவிடம், அப்பா என்ன செய்கிறார், பேங்கில் என்ன இருக்கிறது, நிலம் யார் பெயரில் என்று கேட்டார்களாம். நிலம் தாத்தா பெயரில் பாகம் பிரிக்காமல் கிடந்தது. போனால் திரும்பி வருவாள் என்று நம்ப முடியவில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

“இந்த வூட்ட வுட்டுட்டு நான் எங்கம்மா போய்டுவேன்? எப்டி அப்டி நெனைச்சாங்க?” என்று அக்கா கேட்டாள். அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு, லோடு ஏதும் இல்லாமலே, எங்கேயோ போய்விட்டு வந்தார். கல்லூரியில் பொறுப்பாக இருந்த பேராசிரியர், “அடுத்த வருஷம் பாத்துக்கலாம்மா” என்றார். அது அக்காவுக்குக் கடைசி வருடம் என்பது அவருக்கும் தெரியும். அவள் இடத்தில் நிர்வாகத்துக்கு வேண்டப்பட்ட வீட்டுப் பெண் ஒருத்தி போனாள்.

கொஞ்ச நாள் கழித்து அக்காவின் போனில் ஒரு படம் வந்தது. ஜன்னல், அதற்கு அப்பால் ஏரி, கட்டிலில் உட்கார்ந்து சிரிக்கும், அக்காவுக்குப் பதிலாகப் போன பெண். அக்கா படத்தைப் பெரிதாக்கி, அந்தப் பெண்ணைத் தள்ளிவிட்டு, ஏரியை மட்டும் வெகுநேரம் பார்த்தாள். அதற்குப் பிறகு அங்கிருந்து வந்த எந்தச் செய்திக்கும் அவள் பதில் போடவில்லை. கேட்டால், “இன்னான்னு சொல்றது? ஒங்க ஊர்க்காரங்க என்னை நம்பலன்னா?” என்பாள். இப்போது செங்கல்பட்டில் ஒரு அலுவலகத்தில் வேலை. நேரத்துக்குப் போகிறாள், நேரத்துக்கு வருகிறாள். வெளியூர்ப் பேச்சை யார் எடுத்தாலும் எழுந்து உள்ளே போய்விடுகிறாள்.

போன மாதம் அந்த விருந்தாளிப் பெண் மறுபடியும் வந்தாள். இப்போது அவளே ஆசிரியை, புதிய மாணவர் கூட்டத்தை அழைத்து வந்திருக்கிறாள். எப்படியோ என் எண்ணைத் தேடிப் பிடித்து, ஒரு வேளை சாப்பாட்டுக்கு வரலாமா என்று கேட்டாள். அம்மா தலைகால் புரியாமல் வஞ்சிரம் வாங்க ஓடினாள். அக்கா மட்டும், “எனக்கு லீவு இல்ல” என்று சொல்லிவிட்டு வழக்கமான பஸ்ஸுக்குக் கிளம்பினாள். அன்று ஞாயிற்றுக்கிழமை.

இலையில் உட்கார்ந்ததும் அந்தப் பெண் அக்காவைத்தான் கேட்டாள். சொந்தக் காரணத்தால் வர விருப்பமில்லை என்று அக்கா ஒதுங்கிக்கொண்டதாக அன்று அக்காவின் கல்லூரியிலிருந்து அவர்களுக்குத் தெரிவித்தார்களாம். அறையை ஒழித்து வைத்துக் காத்திருந்த தனக்கு மனசு கஷ்டமாகிவிட்டதாம். இத்தனை வருடமாக அவள் எங்கள் மேல் வருத்தத்தோடு இருந்திருக்கிறாள்!

விசா மறுத்துவிட்டார்கள் என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் இலையிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு, நிஜமான ஆச்சரியத்தோடு, “அவ்வளவுதானா? மறுபடியும் கேட்டிருக்கலாமே” என்றாள். அவள் கேட்டதெல்லாம் கிடைத்திருக்கிறது, பாவம். அவள்மேல் கோபப்படக்கூட எனக்கு வழியில்லாமல் போயிற்று.

கரண்டியோடு நின்றிருந்த அம்மா என் தோளைத் தொட்டாள். “இன்னாடி சொல்லுது அது? அக்காவப் பத்தியா?”

“கொழம்பு நல்லா கீதாம், அம்மா.”

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. “அப்ப இன்னொரு துண்டு வெக்கட்டுமா, கேளு.”