ராசா குதிரைக்காரனிடம் கேட்டது

சட்டைக் கையில் சிந்திய "தேத்தண்ணி" காய்ந்து, சீனி பிசுபிசுவென்று தோலில் ஒட்டிக்கொண்டிருக்க, ஸ்ட்ரெதமிலிருந்து லூயிஷாம் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். எண்பதுகளின் கடைசி, எனக்குப் பத்தொன்பது வயது. மாமா வீட்டை விட்டுப் புறப்பட்டிருந்தேன். யாரும் மறிக்கவில்லை.

மாமா அம்மாவின் கூடப்பிறந்தவர். ஊரில் நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது என் தலையில் கைவைத்து, தன் மகளைக் காட்டி, "சுகந்தி உனக்குத்தானடா" என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்தச் சொல்லை நம்பித்தான், எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டிருந்த என்னை அம்மா லண்டனுக்கு ஏற்றிவிட்டார். இங்கே நான் கோப்பை கழுவினேன், புல் வெட்டினேன், மச்சாளை நிமிர்ந்து பார்க்காமலே ஆசைப்பட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை, நல்ல நாளென்று, வெஸ்ட் ஈலிங்கிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் அவளைப் பார்க்க வந்தார்கள். பேச்சு ஓடவில்லை. மாமா தன் புது வீடியோ "டெக்"கில் பழைய ஹாலிவுட் படமொன்றைப் போட்டார். பவுடர் பூசிய பொய்முடிப் பிரபுக்களும் விசிறிக்குப் பின்னால் சிரிக்கும் சீமாட்டிகளும் ஒருவர் காதலை ஒருவர் கெடுத்துக்கொண்டிருந்த அரண்மனைக் கூத்து அது. நடுவில், இளவரசிமேல் ஆசை வைத்த குதிரைக்காரன் ஒருவன். ஆங்கிலம் பிடிபடாதவர்களுக்குச் சுகந்தி தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தேத்தண்ணித் தட்டோடு நான் உள்ளே போனேன்.

"தம்பி ஆர்?" என்று மாப்பிள்ளையின் தாய் கேட்டார்.

"ஊர்ப் பொடியன். எடுபிடிக்கு நிக்கிறான்," என்றார் மாமி. மாமா குனிந்து ரிமோட்டைத் தேடினார்.

திரையில் ராசா குதிரைக்காரனிடம் ஏதோ சொன்னார். சுகந்தி என்னைப் பார்த்தபடியே சொன்னாள்: "ராசா சொல்றார், சாணி மணக்குதாம், தள்ளி நிக்கட்டாம். அரண்மனைப் பெட்டை உனக்குக் கேக்குதோ எண்டு கேக்கிறார்."

"அப்ப இஞ்சையும் ஒரு குதிரைக்காரர் நிக்கிறார்!" என்று மாப்பிள்ளை கைதட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். கடைசியாக ஓய்ந்தது அவளுடைய சிரிப்பு. தட்டு ஆடி, தேத்தண்ணி என் கையில் ஊற்றுண்டது.

பல ஊர்களும் பல வேலைகளும் கழிந்து, காதில் ஆங்கிலம் ஏறிய பிறகு, தங்கியிருந்த விடுதியின் டிவியில் அதே படம் ஓடியது. அந்தக் காட்சிக்காகக் காத்திருந்தேன். ராசா குதிரைக்காரனிடம் கேட்டது அவன் பெயரை மட்டும்தான். மற்றதெல்லாம் சுகந்தி அந்த நேரத்தில் தானாகக் கட்டிச் சொன்னது.

இப்போது அந்த வீடு வேறு யாருக்கோ கைமாறிவிட்டது. மாமா வாடகைக்குப் படம் எடுத்த வீடியோக் கடையும் இல்லை. அந்த இடத்தில் நகத்துக்குச் சாயம் பூசுகிறார்கள். லூயிஷாமில் எனக்கு முதல் வேலை தந்த கம்பளக் கடையையும் இடித்துவிட்டார்கள்.

மாமா வீட்டை விட்டுப் புறப்பட்ட மறுநாள் காலை, லூயிஷாம் சந்தையோரம் நடந்தபோது கிடைத்தது அந்த வேலை. சிவப்பு அங்கியும் அட்டைக் கிரீடமும் போட்டு, ராசா வேஷத்தில் வாசலில் நின்று நோட்டீஸ் கொடுக்க வேண்டும். கடைக்காரர் என் பெயரைக் கேட்கவில்லை. அங்கியைத் தோளில் வைத்து அளவு பார்த்தார், பொருந்தியது.