வெள்ளைக்கு வசதியான ஆட்டம்

நாற்பத்து நான்கு வயதில் நான் செஸ் கற்றுக்கொள்ளத் தொடங்கியதற்கு மூளைக்குப் பயிற்சி, மனதுக்கு அமைதி என்றெல்லாம் காரணம் கிடையாது. ஆபீசில் எனக்கு வேலை இல்லை. வேலை போகவும் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது, ஐ.டி. கம்பெனிகளில் அதற்குப் பெஞ்ச் என்று பெயர். ஒரு ப்ராஜெக்ட் முடிந்து அடுத்தது கிடைக்கும் வரை சும்மா உட்கார்ந்திருக்கும் காலம். காலையில் கார்டைத் தேய்த்து உள்ளே போக வேண்டும், சாயங்காலம் கார்டைத் தேய்த்து வெளியே வர வேண்டும். நடுவில் என்ன செய்வது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கெடு மட்டும் சொல்லியிருந்தார்கள். அதற்குள் கம்பெனிக்குள்ளேயே வேறொரு ப்ராஜெக்ட்காரர்கள் என்னை எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கார்டையும் லேப்டாப்பையும் ஒப்படைத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

நான் டெஸ்டர். அடுத்தவர் எழுதிய ப்ரோகிராமில் குற்றம் கண்டுபிடிப்பதுதான் பிழைப்பு. பதினாறு வருஷம் அதைச் செய்தவனுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. லிஃப்ட் கதவு மூடும் வேகம், கேண்டீன் சாம்பாரின் தண்ணீர், எல்லாவற்றிலும் குற்றம் கண்டுபிடித்து முடித்த பிறகு விளையாட்டு அறைக்குப் போனேன். டேபிள் டென்னிஸ் மேசையை இளவட்டங்கள் விடுவதாக இல்லை. மூலையில் ஒரு செஸ் போர்டு கிடந்தது. கறுப்பில் ஒரு யானை தொலைந்துபோய், அதற்குப் பதிலாகத் தண்ணீர் பாட்டில் மூடி ஒன்றை வைத்திருந்தார்கள். அதற்கு முன்னால் ஒரு பெண் தனியாக உட்கார்ந்து இரண்டு பக்கமும் தானே ஆடிக்கொண்டிருந்தார்.

அவரும் டெஸ்டர், அவரும் பெஞ்ச். என்னைவிட ஆறேழு வயது சின்னவர். பூட்டன் காலத்தில் ரயில்வே வேலைக்குச் செகந்திராபாத் வந்து அங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். வீடு மௌலா அலியில். தினமும் ஷேர் ஆட்டோ, அப்புறம் மெட்ரோ, அப்புறம் கம்பெனி பஸ் என்று ஊரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு வந்து, வேலையே இல்லாத ஆபீசில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பிப் போவார். கணவருக்கு முதுகில் ஆபரேஷன் ஆகி வீட்டில் இருந்தார். இவர் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. இதையெல்லாம் அவர் முதல் நாளே, என் ராணியை எடுத்துக்கொண்டே சொல்லிவிட்டார். அவர் தமிழில் ஹைதராபாத் உருது கலந்திருக்கும்: ஆமாம் என்றால் ஹவ், வேண்டாம் என்றால் நக்கோ, ஏன் என்றால் கைக்கு.

"ஹவ் அண்ணா, ராணி போச்சு."

"பாக்கலையே மேடம். திருப்பி வச்சுக்கிறேன்."

"நக்கோ அண்ணா. தொட்டா ஆடணும். எங்க காலனில என் அண்ணனுங்க கூட விட மாட்டாங்க."

டீ ஆறுவதற்குள் தோற்றுவிட்டேன். மறுநாளும் தோற்றேன். எனக்குச் சுருக்கென்றிருந்தது. வேலை கிடைக்காததற்கு நூறு காரணம் இருக்கலாம், மார்க்கெட் சரியில்லை எனலாம். பாட்டில் மூடியை யானையாக வைத்து ஆடுகிற ஒருவரிடம் தோற்பதற்கு யாரைக் குறை சொல்வது?

அதனால் முறையாகப் படிக்க ஆரம்பித்தேன். எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். ஆட்டத்தின் ஆரம்ப நகர்த்தல்களுக்கு ஓப்பனிங் என்று பெயர், அதில் நூற்றுக்கணக்கில் வகை உண்டு, எல்லாவற்றையும் இணையத்தில் பாடமாக எடுக்கிறார்கள். லண்டன் என்று ஒரு வகையைப் பிடித்தேன். எதிராளி என்ன ஆடினாலும் நாம் ஏறக்குறைய ஒரே மாதிரி காய்களை அடுக்கலாம், யோசிக்க வேண்டியதில்லை, வேலைக்குப் போகிறவர்களுக்கு ஏற்றது என்று வீடியோவில் ஒருவர் சொன்னார். வேலை இல்லாதவனுக்கும் ஏற்றதாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். பத்து நகர்த்தல்களைக் காட்டிவிட்டு, "இனி வெள்ளைக்கு வசதியான ஆட்டம்" என்று சொல்லி வீடியோவை முடித்துவிடுவார். அந்த வசதியை வைத்துக்கொண்டு எப்படி ஜெயிப்பது என்று மட்டும் சொல்ல மாட்டார். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

மனப்பாடம் செய்துகொண்டு போனேன். வெள்ளை ஆடத்தான் படித்திருந்தேன் என்பதால் வெள்ளையை எனக்கே தரும்படி கேட்டேன். "எப்பவுமே நீங்களே வச்சுக்கோங்க அண்ணா" என்றார். சிப்பாயைத் தள்ளினேன், மந்திரியை வெளியே கொண்டுவந்தேன். மூன்றாவது நகர்த்தலிலேயே அவர் வீடியோவில் இல்லாத ஒன்றை ஆடினார். ராணியை ஓரமாக இறக்கி, என் மந்திரி கிளம்பிப் போனதால் காவல் இல்லாமல் நின்ற ஒரு சிப்பாயை முறைக்க வைத்தார்.

"இப்படி ஆடக்கூடாதே மேடம். இந்த இடத்துல நீங்க குதிரையத்தான் எடுக்கணும்."

"கைக்கு?"

ஏன் என்று எனக்கும் தெரியவில்லை. வீடியோவில் எடுத்தார்கள், அவ்வளவுதான். போனை எடுத்து அதையே காட்டினேன். அன்றைக்கும் தோற்றேன்.

கொண்டாப்பூரில் எங்கள் வீடு ஆபீசிலிருந்து நடந்து போகும் தூரம்தான். மனைவிக்குக் கோவில்பட்டி, எனக்கும் அதுதான். அவளிடம் நான் எதையும் மறைக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், "இன்னைக்கு என்னாச்சு?" என்று கேட்பாள். அவள் கேட்டது வேலையைப் பற்றி. நான் ஆட்டத்தைப் பற்றிச் சொல்வேன். ஒருநாள் முதல் தடவையாகத் தோற்காமல் டிரா செய்துவிட்டு வந்தேன். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்து, அவர் ராணியை நான் எப்படித் துரத்தினேன் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

"ஏங்க, இதைக் காட்டி எங்கயாவது வேலை கேட்டுப் பாருங்களேன்."

கிண்டல்தான். ஆனால் கண் கலங்கியிருந்தது. வெங்காயம் என்று இரண்டு பேருமே வைத்துக்கொண்டோம்.

அவள் நச்சரிப்புத் தாங்காமல் சனி ஞாயிறுகளில் அமீர்பேட்டுக்குப் போனேன். எந்த மாடிப்படியில் ஏறினாலும் ஒரு கோச்சிங் சென்டர், எல்லாப் பலகையிலும் வேலை உத்தரவாதம். என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் நேற்றுக் காலேஜ் முடித்தவர்கள். என்னைப் பாடம் எடுக்க வந்தவர் என்று நினைத்து எழுந்து நின்றார்கள். நிஜமாகவே பாடம் எடுக்க வந்தவர், பேட்டியில் என்ன கேட்பார்கள், அதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று தெலுங்கும் இங்கிலீஷும் கலந்து ஒப்பிக்க வைத்தார். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றால் இது. உங்கள் பலவீனம் என்ன என்றால் இது. முதல் பத்து நிமிஷம் இப்படித் தடங்கல் இல்லாமல் போய்விட்டால் அப்புறம் பேட்டி உங்கள் கையில் என்றார். இதை வேறெங்கோ கேட்டிருக்கிறோமே என்று தோன்றியது. தோன்றியும் என்ன பிரயோஜனம், ஒப்பித்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு வேறு தெரியாது.

கெடு முடிய இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு ப்ராஜெக்ட்டில் டெஸ்டருக்கு ஓர் இடம் வந்தது. ஒரே இடம். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள், செஸ் மேடத்தையும் கூப்பிட்டிருந்தார்கள். பேட்டி நாளன்று காலை போர்டுக்கு முன்னால் உட்கார்ந்தோம். இரண்டு பேரும் காயைத் தொடவில்லை.

"அண்ணா, உங்களுக்குக் கிடைக்கணும்னு வேண்டிக்கிட்டேன்னு சொன்னா பொய்" என்றார். "எனக்குக் கிடைக்கணும்னுதான் வேண்டிக்கிட்டேன்."

"நானும் அப்படித்தாம்மா."

அதற்கு முன்பு அவரை நான் 'ம்மா' போட்டுக் கூப்பிட்டதில்லை.

பேட்டி எடுத்தவர் என்னைவிடச் சின்னவர், நல்ல மாதிரியாகத்தான் பேசினார். என்னைப் பற்றிச் சொல்லச் சொன்னார், சொன்னேன். பலவீனம் கேட்டார், சொன்னேன். எனக்கே என் இங்கிலீஷ் பிடித்திருந்தது. அப்போது அவர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இதையெல்லாம் விடுங்கள் என்றார். நாளைக்கு ரிலீஸ், எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்க நேரமில்லை, எதைப் பார்க்காமல் விடுவீர்கள் என்று கேட்டார்.

பதினாறு வருஷமாக மாசத்துக்கு ஒரு தடவையாவது அதைத்தான் செய்திருக்கிறேன். எது புதிதாக மாறியதோ அதைப் பார்க்க வேண்டும், ஜனங்கள் தினமும் தொடுகிற இடத்தைப் பார்க்க வேண்டும், யாரும் எட்டிப் பார்க்காத மூலைகளை விட்டுவிடலாம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பேன். ஆனால் அங்கே உட்கார்ந்து, அமீர்பேட்டில் இந்தக் கேள்விக்கு என்ன பதில் கொடுத்தார்கள் என்று தேடிக்கொண்டிருந்தேன். கொடுக்கவே இல்லை. வாய் தானாகத் திறந்து, எதையும் விட மாட்டேன், தரத்தில் சமரசம் கிடையாது என்று வேறொரு கேள்விக்கான பதிலைச் சொன்னது. சொல்லும்போதே தப்பு என்று தெரிந்தது. நிறுத்த முடியவில்லை. அவர் தலையாட்டிவிட்டுப் பேனாவை மறுபடி எடுத்துக்கொண்டார்.

லிஃப்டில் இறங்கும்போது சரியான பதிலை வாய்விட்டே சொல்லிப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற ஹவுஸ்கீப்பிங் அம்மா, போனில் பேசுகிறேன் என்று நினைத்து நகர்ந்து நின்றுகொண்டார்.

இடம் மேடத்துக்குத்தான் கிடைத்தது. அவரே வந்து சொன்னார். என்ன கேள்வி கேட்டார்கள் என்று நான் விசாரித்தேன், விசாரிக்காமல் இருந்திருக்கலாம். அதே கேள்விதான். "தோணினதச் சொன்னேன் அண்ணா" என்றார். எது மாறியதோ அதைப் பார்ப்பேன், யாரும் தொடாததை விட்டுவிடுவேன். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. நியாயமே இல்லாத கோபம். அவர் கணவரின் முதுகு நினைவுக்கு வந்தது, அப்புறம் கோபத்தை யார்மேல் வைப்பது என்று தெரியாமல் டாய்லெட்டுக்குப் போய் முகம் கழுவினேன். கண்ணாடியில் பார்க்கப் பிடிக்கவில்லை.

பிறகு அவர் வேறு மாடிக்குப் போய்விட்டார். மிச்ச நாட்களில் நான் போர்டைத் தொடவில்லை. போனில் லண்டன் வீடியோவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓட விடுவேன்.

கடைசி நாள் மத்தியானம் லேப்டாப்பை ஒப்படைத்துவிட்டேன். கார்டை வெளியே போகும்போது கேட்டில் கொடுத்தால் போதும் என்றார்கள். கேண்டீனைத் தாண்டும்போது அவர் விளையாட்டு அறை வாசலில் நின்றிருந்தார். காய்களை அடுக்கி வைத்திருந்தார், வெள்ளை என் பக்கம்.

"ஒரு ஆட்டம் அண்ணா."

வருத்தம் தெரிவிக்காததற்கு நன்றி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு உட்கார்ந்தேன். சிப்பாயைத் தள்ளினேன். அவரும் சிப்பாயைத் தள்ளினார். மந்திரியை எடுத்தேன். ராணி எப்போது ஓரமாக இறங்கும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். இறங்கவில்லை. அவர் குதிரையை எடுத்தார்.

வீடியோவில் வரும் அதே குதிரை. அடுத்ததும் வீடியோவில் வருவதுதான். என் மந்திரிக்கு நேராகத் தன் மந்திரியைக் கொண்டுவந்து நிறுத்தினார். நான் ஒரு கட்டம் பின்னால் வந்தேன். அவர் கோட்டை கட்டினார், பாட்டில் மூடியை ராஜாவுக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தார். இத்தனை நாளில் ஒருநாள்கூடப் புத்தகப்படி ஆடாதவர் அவர். நான் படித்து வைத்த ஒவ்வொன்றுக்கும் இப்போது இடம் விட்டு ஆடிக்கொண்டிருந்தார். மெட்ரோவில் உட்கார்ந்து, கறுப்பு என்ன ஆட வேண்டும் என்று அவர் மனப்பாடம் செய்திருக்க வேண்டும். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவேன் என்று இருந்தது.

என் குதிரை நடுவில் ஏறி உட்கார்ந்தது. அவர் இன்னொரு மந்திரியை மூலையில் வைத்தார். நான் அதற்கும் உரிய சிப்பாயைத் தள்ளினேன். எல்லாம் அச்சு அசலாக வந்துவிட்டது. அவர் ஒரு சின்ன சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்திவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

போர்டைப் பார்த்தேன். இனி வெள்ளைக்கு வசதியான ஆட்டம். காய்கள் எல்லாம் நிற்க வேண்டிய இடத்தில் நின்றன. பக்கத்தில் டேபிள் டென்னிஸ் பந்து இங்குமங்கும் போய்க்கொண்டிருந்தது.

"அடுத்து எனக்குத் தெரியலம்மா" என்றேன்.

அவரும் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் இதுவரைக்கும்தான் தெரியும் அண்ணா. வீடியோ இத்தோட முடிஞ்சிருச்சு."

என் முறைதான். யாரும் அவசரப்படுத்தவில்லை. கைகளை மேசைக்குக் கீழேயே வைத்துக்கொண்டேன். தொட்டால் ஆட வேண்டும்.