நாலு வருசப் பிணை

மானிப்பாயில் எங்கள் வீட்டு மேசையில் இரண்டு கல்லூரிகளின் விளக்கப் புத்தகங்கள் ஒரு மாதமாகக் கிடந்தன. இரண்டும் வேதாகமப் படிப்புக்கானவை. ஒன்று மலைநாட்டில் நாலு வருடப் பட்டம்: கிரேக்கம், எபிரேயம் எல்லாம் உண்டு. கட்டணத்தையும் விடுதிச் செலவையும் திருச்சபை ஏற்கும். மற்றது கொழும்பில் ஒரு வருடச் சான்றிதழ். அதற்கு நாங்களே காசு கட்டவேண்டும். படித்து வந்தாலும் எந்தப் பள்ளிக்கூடமும் பட்டதாரிச் சம்பளம் தராது.

"சும்மா தாற பட்டத்தை விட்டிட்டு, காசு குடுத்து ஒரு துண்டு வாங்கப்போறியோ? இதிலை யோசிக்க என்ன கிடக்கு?" என்றாள் அக்கா.

யோசிக்க இருந்தது. அந்த நாட்களில் குடாநாட்டை விட்டுப் போக அதை ஆண்ட போராளி இயக்கத்திடம் பாஸ், அதாவது வெளியேறும் அனுமதி, எடுக்கவேண்டும். போனவர் திரும்பும்வரை வீட்டிலிருந்து ஒருவர் பிணை நிற்கவேண்டும். அதுவரை அவர் குடாநாட்டை விட்டுப் போகமுடியாது. ஐயா இல்லை. நோயாளியான அம்மாவின் பிணையை ஏற்கமாட்டார்கள். மிச்சம் அக்காதான்; அவளுக்கோ கனடா மாப்பிள்ளையோடு கலியாணம் பேசி முடிந்திருந்தது.

"அவர் காத்திருப்பார்" என்றாள். அவள் ஒளித்துவைத்த அவருடைய கடிதத்தை நான் வாசித்திருந்தேன். இரண்டு வருடத்துக்குமேல் தன் வீட்டார் பொறுக்கமாட்டார்கள் என்று எழுதியிருந்தார்.

பாஸ் கந்தோரில் மேசைக்குப் பின்னால் இருந்தவர் எங்களைவிட இளையவர்.

"வேதம் படிக்க ஏன் அங்கை? இஞ்சை சேர்ச்சிலை படிப்பிக்க மாட்டினமோ?"

"பட்டத்துக்கு இஞ்சை வசதி இல்லை" என்றேன்.

"எத்தினை வருசம்?"

"நாலு." அக்கா முந்திக்கொண்டாள்.

அவர் பேனையை நிறுத்தினார். "நாலு வருசம் நீங்கள் அசையேலாது, அக்கா. தங்கச்சி வராட்டில் உங்களைத்தான் கேப்பம். விளங்குதோ?"

"ஓம். எழுதுங்கோ."

அவள் கையெழுத்துப் போடப் பேனைக்குக் கை நீட்டினாள்.

நான் பையைத் திறந்தேன். அவளுக்குத் தெரியாமல் கொழும்பின் அனுமதிக் கடிதத்தையும் கொண்டுவந்திருந்தேன். அதை மேசையில் வைத்தேன்.

"ஒரு வருசம்தான். அக்காவுக்கு மாறி விளங்கீட்டுது."

அவர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். "அப்ப ஆர் சொல்லுறது பொய்?"

பதிலுக்கு நிற்காமல் அவர் கடிதத்தோடு உள்ளே போனார். அக்கா என் பக்கம் திரும்பவேயில்லை. பாஸ் கிடைக்காமல் போகும், இனி எங்களைத் தேடி வீட்டுக்கும் வருவார்கள் என்றே நினைத்தேன். அரை மணித்தியாலத்துக்குப் பிறகு வந்து, படிவத்தில் 'ஒன்று' என்று எழுதி அக்காவின் பக்கம் தள்ளினார். அவள் கையெழுத்து வைத்தாள்.

திரும்பும்போது அவள் சைக்கிளை முன்னால் மிதித்துப் போனாள். சந்தியில் திடீரென்று இறங்கினாள்.

"என்ரை வாழ்க்கைக்கு நீ ஆரடி கணக்குப் பாக்க?"

"என்ரை படிப்புக்கு நீ பாத்தனிதானே."

மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. நாலாம் நாள் தன் காப்புகளைக் கொண்டுவந்து என் படுக்கையில் போட்டாள். கட்டணம் அப்படித்தான் கட்டப்பட்டது.

ஒரு வருடத்தில் திரும்பினேன். அடுத்த மாதமே அக்கா கனடாவுக்குப் போய்விட்டாள். நான் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியையாகக் கிறிஸ்தவ பாடம் படிப்பித்தேன். எபிரேயத்தில் ஓர் எழுத்துக்கூடத் தெரியாது என்பது வகுப்பில் நிற்கும் ஒவ்வொரு நாளும் உறுத்தியது.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் இராணுவம் நெருங்க, எங்கள் வலிகாமப் பகுதி முழுவதுமே ஊரைவிட்டு வெளிக்கிட்டு நடந்தது. மழையில், அம்மாவைச் சைக்கிள் கரியரில் இருத்தி, சனத்துக்குள் உருட்டிக்கொண்டு போனேன். பட்டத்துக்குப் போயிருந்தால் நான் அப்போதும் மலைநாட்டில் படித்துக்கொண்டிருப்பேன். அந்தச் சைக்கிளை அக்காதான் உருட்டியிருப்பாள்.