சில்வியா கொடுத்த பாட்டு

தண்டலத்துக்குப் பக்கத்தில் கன்னியர் நடத்தும் முதியோர் இல்லத்தில் சில்வியா மூன்று வருடம் வேலை பார்த்தாள். அவள் பொறுப்பில் இருந்தவர் சிஸ்டர் நோரா. சின்ன வயதில் அயர்லாந்திலிருந்து வந்து, இங்கேயே தொண்ணூறைத் தொட்டவர். கடைசிக் காலத்தில் அவருக்கு முதலில் தமிழ் மறந்தது, அப்புறம் இங்கிலீஷும் போனது. மிஞ்சியது பிறந்த வீட்டில் பேசிய ஐரிஷ் மொழியும் அதன் பாட்டுகளும்தான். கஞ்சி கொண்டுபோனால் உதட்டை இறுக்கிக்கொள்வார். அவர் பாடிய வரியை யாராவது திருப்பிப் பாடினால் வாய் திறக்கும். ஒரு வரிக்கு ஒரு கரண்டி. அப்படித்தான் சில்வியாவுக்கு இருபத்து மூன்று பாட்டு பாடமானது. எந்தப் பாட்டு எதற்கு என்பதை, அயர்லாந்திலிருந்து பார்க்க வந்த இன்னொரு சிஸ்டர் அவளுக்குச் சொன்னார்.

சிஸ்டர் நோரா இறந்ததும் சில்வியா ஒரகடத்தில் கார் ஒயர் கட்டும் கம்பெனியில் சேர்ந்தாள். அங்கே குவாலிட்டி சூப்பர்வைசர் ரிச்சர்ட் கிட்டார் வாசிப்பான். பிரஸ் ஷாப்பில் மெஷின் ஓட்டும் எழிலரசன் டிரம்ஸ். மூன்று ஷிஃப்ட்டும் போக மிச்ச நேரத்தில் வாசித்ததால் குழுவுக்கு 'நாலாவது ஷிஃப்ட்' என்று பெயர். கேன்டீனில் சில்வியா முணுமுணுத்ததைக் கேட்டு ரிச்சர்ட் அவளையும் சேர்த்துக்கொண்டான். ஐரிஷ் பாட்டுக்கு அவன் ரெகே தாளம் போட்டான். நம் கை தட்டத் துடிக்கும் இடத்தைத் தாண்டி விழுகிற தாளம் அது. நடுவில் எழிலரசன் உறுமியை எடுத்துக்கொள்வான். வீடியோ போட்டார்கள். ஜனங்கள் பார்த்தார்கள்.

பார்க்க ஆரம்பித்ததும் ரிச்சர்ட்டுக்குச் சில்வியா வேண்டாதவளாகிவிட்டாள். ஷிஃப்ட் ஒத்துவரவில்லை என்றான். அவள் ஷிஃப்ட்டை மாற்றி எழுதிக்கொடுத்தபோது உண்மையைச் சொன்னான்.

"நீ அசெம்ப்ளி லைன்ல நிக்கிற பொண்ணு சில்வி. ஸ்டேஜுக்குன்னு ஒரு முகம் வேணும்."

அதைக்கூட அவள் விழுங்கியிருப்பாள். ஒரு மாதம் கழித்து யூடியூப் பேட்டி ஒன்றில், வயதான ஐரிஷ் சிஸ்டருக்குத் தானே கஞ்சி ஊட்டி, கரண்டி கரண்டியாகப் பாட்டுக் கற்றதாக அவன் கண்கலங்கச் சொன்னான். கம்பெனி பஸ்ஸில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த சில்வியா குன்றத்தூரில் இறங்க மறந்து அடுத்த நிறுத்தம் வரை போனாள். மூன்று வருடம் அவள் துடைத்த வாயை அவன் எடுத்துக்கொண்டான். அதை அவன் வாயாலேயே திருப்பி வாங்க வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தாள்.

அவனே வந்தான். கம்பெனி ஆண்டு விழாவுக்கு அயர்லாந்திலிருந்து பெரிய வாடிக்கையாளர்கள் வருகிறார்களாம். புதுப் பாட்டு ஒன்று வேண்டுமாம்.

"எடுபடுமா?" என்று மட்டும் கேட்டான். அர்த்தம் கேட்கவில்லை.

"அழுதுடுவாங்கண்ணா," என்றாள்.

அவள் பாடிக்காட்ட, அவன் சந்தோஷமாக எழுதிக்கொண்டு போனான். ஒத்திகையில் எழிலரசன், "இன்னாண்ணா, எழவு வூட்டுப் பாட்டு மாரி கீது?" என்று கேட்டானாம். வேகமாக வாசித்தால் சரியாகிவிடும் என்றானாம் ரிச்சர்ட்.

விழா அன்று மதியம் பந்தலில் ஆயிரம் பேர். சில்வியா மூன்றாவது வரிசையில் சீருடையோடு உட்கார்ந்திருந்தாள். ரிச்சர்ட் குதித்துக் குதித்துப் பாடினான். இரண்டாவது அடியில், அயர்லாந்திலிருந்து வந்த நரைத்த தலை அம்மா எழுந்து தலை குனிந்து நின்றார். அதைப் பார்த்து மேனேஜர்கள் எழுந்தார்கள். அவர்களைப் பார்த்துப் பந்தலே எழுந்தது. அத்தனையும் பாராட்டு என்று நினைத்த ரிச்சர்ட் இன்னும் உயரக் குதித்தான். சில்வியா மட்டும் உட்கார்ந்தே இருந்தாள்.

பாட்டு முடிந்ததும் அந்த அம்மா மேடையேறி, இறந்தது யார் என்று இங்கிலீஷில் கேட்டார். யாரும் இல்லை, உங்களை வரவேற்கத்தான் பாடினோம் என்றான் ரிச்சர்ட். தங்கள் ஊரில் பிணத்தை நடுவீட்டில் கிடத்தி அழும் பாட்டு இது என்று அவர் மெதுவாகச் சொன்னார். மைக் அதைப் பந்தல் முழுக்கக் கொண்டுபோனது. ஹெச்.ஆர். மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார். யாரிடம் கற்றாய் என்று அந்த அம்மா கேட்டபோது அவன் கஞ்சிக் கதையை ஆரம்பித்தான். அவர் ஐரிஷ் மொழியில் ஏதோ கேட்டார். அவன் சிரித்தான். மறுபடி கேட்டார். சிரிப்பு நின்றது. அவன் கண் மூன்றாவது வரிசைக்கு வந்து கெஞ்சியது. சில்வியா கையைக் கட்டிக்கொண்டாள்.

கடைசியில், "அந்தப் பொண்ணுதான் சொல்லிக்குடுத்திச்சு," என்றான்.

"பேர் சொல்லுங்கண்ணா," என்றாள் சில்வியா, உட்கார்ந்த இடத்திலிருந்தே.

"சில்வியா."

"கஞ்சி ஊட்டுனது?"

பந்தல் காத்திருந்தது. "சில்வியாதான்," என்றான்.

அதற்கப்புறம்தான் எழுந்தாள். மேடையேறியவளிடம் அந்த அம்மா, முறைப்படி ஒருமுறை பாடுவாயா என்று கேட்டார். சில்வியா எழிலரசனிடம் குச்சியைக் கீழே வைக்கச் சொன்னாள். ஸ்டாண்டைத் தள்ளி நிறுத்திவிட்டு, மைக்கை ரிச்சர்ட் கையில் கொடுத்தாள்.

"புடிங்கண்ணா. என் வாய்க்கு நேரா."

அவன் பிடித்தான். அவள் கண்ணை மூடி, ஒவ்வொரு சொல்லையும் இழுத்து, மெதுவாகப் பாடினாள். அவனுக்குக் கொடுத்தது நாலு அடிதான். பாட்டுக்கு ஒன்பது அடி. அந்த அம்மா அழுதார். ஆறாவது அடியில் ரிச்சர்ட் கை மாற்றிப் பிடித்தான். எட்டாவதில் மைக் தாழ்ந்தது. அவள் கண் திறந்து பார்த்ததும் மறுபடி உயர்ந்தது.

ஒன்பதாவது அடி முடிந்தது. யாரும் கை தட்டவில்லை. அவன் மைக்கை இறக்கப் போனான். சில்வியா மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு, முதல் அடியிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.